வீட்டுப் பிரிண்டரில் நிறம் மாறி வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திரையில் அரக்கு நிறமாகத் தெரிந்த பட்டுப்புடவை தாளில் செங்கல் நிறத்தில் வந்து விழுந்தால், பெரும்பாலானோரின் கை நேராகப் பிரிண்டர் செட்டிங்கில் இருக்கும் சயான், மெஜந்தா, மஞ்சள் ஸ்லைடர்களுக்குத்தான் போகும். அங்கே கடைசியாகப் போங்கள். வீட்டுப் பிரிண்டரில் வரும் நிறக் கோளாறுகளுக்கு வழக்கமான காரணங்கள் நான்கு: அடைத்த நாசில் (மை தெளிக்கும் நுண்துளை), தவறாகத் தேர்ந்தெடுத்த தாள் வகை, ஒரே படத்துக்கு இரண்டு தடவை நடக்கும் நிறத் திருத்தம், அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் வைத்த திரை. நாசில் அடைத்திருக்கும்போது ஸ்லைடரை நகர்த்திச் சமாளித்தால், அடைப்பு நீங்கிய அன்று நிறம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்றே தெரியாமல் போகும்.

கீழே சொல்வதெல்லாம் இங்க் டேங்க் பிரிண்டர்களை மனதில் வைத்துத்தான்: எப்சன் எல் வரிசை, கேனன் ஜி வரிசை, ஹெச்பி ஸ்மார்ட் டேங்க் போன்றவை. கார்ட்ரிட்ஜ் போடும் இங்க்ஜெட்டுக்கும் இதே கதைதான். மெனுப் பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்; இடம் பெரும்பாலும் மாறாது. கலர் லேசர் வைத்திருப்பவர்கள் பிரிண்டரின் மெனுவிலேயே இருக்கும் கேலிபிரேஷனை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். திரையைப் பற்றியும் நிறவெளியைப் பற்றியும் (படத்தின் எண்கள் எந்தெந்த நிறத்தைக் குறிக்கும் என்ற வரையறை) வரும் பகுதிகள் மட்டும் அவர்களுக்குப் பயன்படும்.

எதையும் தொடுமுன் ஒரு சோதனைப் படம்

வேலை முடியும்வரை ஒரே படத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். 4க்கு 6 அங்குல அளவில், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், கிம்ப்பிலோ போட்டோஷாப்பிலோ நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். மேலே கருப்பிலிருந்து வெள்ளைவரை 11 சாம்பல் கட்டங்கள். முதல் கட்டத்தில் சிவப்பு, பச்சை, நீல மதிப்பு மூன்றும் 0. அடுத்ததில் மூன்றும் 25. பிறகு 51, 76 என்று ஏறிக் கடைசிக் கட்டத்தில் 255. நடுவில், பகல் வெளிச்சத்தில் எடுத்த, உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒருவரின் முகம். கீழே சிவப்பு, பச்சை, நீலம், சயான், மெஜந்தா, மஞ்சள் என்று ஆறு கட்டங்கள்.

இதில் சாம்பல் பட்டைதான் உயிர். முகம் கொஞ்சம் சிவந்திருந்தால், வெயிலில் நின்று எடுத்த படம்தானே என்று கண் சமாதானம் ஆகிவிடும். சாம்பலில் அந்தச் சமாதானம் செல்லாது. லேசான இளஞ்சிவப்போ பச்சையோ ஏறியிருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பிரிண்ட்டின் பின்பக்கமும் என்ன செட்டிங், எந்தத் தாள் என்று பென்சிலில் எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள்.

பிரிண்டரிலிருந்து வந்த கையோடு தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாய மை (நிறம் நீரில் கரைந்திருக்கும் மை) காயும்போது நிறம் சற்று நகரும், அதிலும் கருமையான இடங்களில். எல்லாச் சோதனைத் தாளையும் ஒரே அளவு நேரம் காயவிட்டு, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படம் முழுக்க ஒரு நிறம் ஏறி நிற்கிறது, அதுவும் திடீரென்று

போன வாரம்வரை சரியாக வந்த பிரிண்டர் இந்த வாரம் எல்லாவற்றையும் ஆரஞ்சாக அடிக்கிறது என்றால் செட்டிங்கைத் தேடாதீர்கள். ஏதோ ஒரு மை தாளுக்கு வரவில்லை. சயான் நின்றுபோனால் படம் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் போகும், வானம் வெளிறிவிடும். மெஜந்தா நின்றால் எல்லாம் பச்சை தட்டும், முகம் நோயாளி முகமாகிவிடும். மஞ்சள் நின்றால் நீலமும் ஊதாவும் மேலோங்கும்.

டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மெயின்டனன்ஸ் பக்கத்திலோ பிரிண்டரின் பட்டன் வழியாகவோ நாசில் செக் தாள் ஒன்று எடுங்கள். எப்சனில் நான்கு நிறத்திலும் படிக்கட்டு போல அடுக்கிய சின்னச் சின்னக் கோடுகள் வரும். அதில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறதோ அந்த நாசில் அடைத்திருக்கிறது. கருப்பு, சயான், மெஜந்தா மூன்றையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மஞ்சளில்தான் தகராறு, வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் பிடிபடாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. போன் திரையில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்த நீல வெளிச்சத்தைத் தாளின்மேல் பிடியுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடுவதால் அந்தக் கோடுகள் கரும்கோடுகளாக எழுந்து நிற்கும். எத்தனை உடைந்திருக்கின்றன என்று எண்ணிவிடலாம்.

இடைவெளி இருந்தால் ஒருமுறை ஹெட் (நாசில்கள் இருக்கும் தலைப்பகுதி) கிளீனிங், மறுபடி நாசில் செக். இப்படி மூன்று முறைக்குமேல் தொடர்ந்து செய்யாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மைதான் உறிஞ்சப்பட்டுக் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, நிரம்பினால் பிரிண்டர் வேலை செய்ய மறுத்துவிடும். மூன்று முறை செய்தும் கோடு சேரவில்லை என்றால் பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, பிறகு நாசில் செக் எடுத்துப் பாருங்கள். பல நேரம் குழாயில் இருந்த காற்றுக் குமிழ் தானாக ஏறிவிட, காய்ந்த மை ஊறிக் கோடு சேர்ந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால்தான் பவர் கிளீனிங். அது மையை நிறையக் குடிக்கும்; ஒவ்வொரு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கமாவது பிரிண்ட் போடுகிற வீட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பள்ளி புராஜெக்ட் சீசனில் மட்டும் பிரிண்டரை எழுப்புகிற வீட்டில்தான் அடைப்பு அதிகம்.

கோடு கோடாக விழுகிறது

நாசில் செக் முழுமையாக இருந்தும் படத்தில் பட்டை விழுந்தால், மெயின்டனன்ஸில் ஹெட் அலைன்மென்ட் செய்யுங்கள். குவாலிட்டியை டிராஃப்ட்டிலிருந்து ஸ்டாண்டர்டு அல்லது ஹைக்கு மாற்றுங்கள். பைடைரக்‌ஷனல், ஹை ஸ்பீடு என்ற பெயரில் டிக் ஏதாவது இருந்தால் போட்டோவுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பதை விட்டு ஒரு திசையில் மட்டும் அடிக்கும். நேரம் கூடும், பட்டை குறையும்.

நிறமெல்லாம் சரி, ஆனால் படம் இருட்டாக வருகிறது

வீட்டில் பிரிண்ட் எடுப்பவர்களின் புகார்களில் இதுதான் முதலிடம். பத்தில் ஒன்பது தடவை பிரிண்டர் மேல் தப்பில்லை என்று தைரியமாகச் சொல்வேன். திரை தன் உள்ளிருந்து ஒளியைத் தள்ளுகிறது. தாள் அறையில் இருக்கும் ஒளியைத் திருப்பி அனுப்ப மட்டுமே செய்யும். சாதாரண மானிட்டர்களின் உச்ச வெளிச்சம் சதுர மீட்டருக்கு 250 கேண்டலா அளவில் இருக்கும். பிரிண்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலைக்கு 80 முதல் 120 போதும். கடையிலிருந்து வந்த நாளில் வைத்த உச்ச வெளிச்சத்திலேயே திரை ஓடிக்கொண்டிருந்தால், படத்தின் நிழல் பகுதியில் இருக்கும் நுணுக்கமெல்லாம் திரையில் தெரியும், தாளில் தெரியாது.

அளக்கும் கருவி இல்லாமலே ஓரளவு சரிசெய்யலாம். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தை முழுத்திரையாகத் திறங்கள். ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரைக்குப் பக்கத்தில், பிரிண்ட்டைப் பார்க்கப்போகும் அதே அறை வெளிச்சத்தில் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரியும் தாள் சாம்பல் மாதிரியும் தெரிந்தால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை. முதல் நாள் திரை மங்கலாகத் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

கூடவே திரையின் நிறத்தையும் பாருங்கள். மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி அல்லது 6500கே (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு) என்று ஒரு நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கூல் என்பது நீலம் கூடியது. விண்டோஸில் நைட் லைட், ஆப்பிள் கருவிகளில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் இவற்றை அணையுங்கள். மாலை ஏழு மணிக்கு நைட் லைட் தானாக வந்து திரை மஞ்சளானது தெரியாமல், படத்தில் நீலத்தைக் கூட்டிவிட்டுக் காலையில் பிரிண்ட்டைப் பார்த்துத் திகைப்பது அடிக்கடி நடக்கிற கதை. விண்டோஸ் தேடலில் கேலிபிரேட் டிஸ்பிளே கலர் என்று தட்டினால் காமாவையும் (நடுத்தர வெளிச்சத்தின் அளவு) சாம்பல் சமநிலையையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் கருவி திறக்கும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும். டேட்டாகலர் ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற அளவீட்டுக் கருவிகள் அருமையானவை. ஆனால் டேங்க் பிரிண்டரின் விலைக்கே நெருங்கிவிடுவதால், பிரிண்ட் விற்றுச் சம்பாதிப்பவர் வாங்கினால் போதும்.

லேப்டாப் திரையில் வேலை செய்பவர்கள் தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோணம் மாறும்போது படத்தின் வெளிச்சம் மாறினால், எந்தக் கோணத்தில் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்பதே ஒரு கேள்வி.

திரையை இறக்கிய பிறகும் பிரிண்ட் கொஞ்சம் இருட்டாக இருந்தால், படத்தின் நடுத்தர வெளிச்சத்தை மட்டும் தூக்குங்கள். போட்டோஷாப், கிம்ப் இவற்றில் இருக்கும் லெவல்ஸ் கருவியில் நடு மதிப்பை 1.00இலிருந்து 1.10 அல்லது 1.15க்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரைட்னஸ் ஸ்லைடரை மொத்தமாக ஏற்றினால் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் காணாமல் போய்விடும்.

வெளிறி, சாயம் போன துணி மாதிரி வருகிறது

மூன்று இடத்தைப் பாருங்கள்.

முதலாவது, தாள். 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் கருப்பு ஒருநாளும் ஆழமான கருப்பாக வராது, சிவப்பும் நீலமும் மங்கித்தான் வரும். சாதா தாளில் நிறத்தைச் சரிபார்ப்பது வீண் வேலை. ஸ்லைடரை எவ்வளவு ஏற்றினாலும் தாள் ஈரமாகி நெளியுமே தவிர நிறம் ஏறாது. போட்டோ தாளில் அடித்தும் வெளிறினால் பூச்சு இல்லாத பின்பக்கத்தில் அடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். மேட் தாளில் எந்தப் பக்கம் என்று குழப்பம் வரும். விரல் நுனியை லேசாக ஈரமாக்கி மூலையில் தொட்டால் எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அதுதான் பூச்சுள்ள பக்கம்.

இரண்டாவது, டிரைவரில் தேர்ந்தெடுத்த தாள் வகை. எவ்வளவு மை தெளிப்பது, நிறங்களை எந்த விகிதத்தில் கலப்பது, எந்தக் கருப்பைப் பயன்படுத்துவது எல்லாவற்றையும் அந்த ஒரு பெட்டிதான் முடிவு செய்கிறது. கிளாஸி தாளை வைத்துவிட்டுப் பிளெயின் பேப்பர் என்றே விட்டுவிட்டால் நிறம் எப்படியும் தவறாகத்தான் வரும். கேனன் ஜி2010, ஜி3010 போன்ற மாடல்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட் மை (நிறம் நுண்துகள்களாக மிதக்கும் மை), மற்ற மூன்றும் சாய மை. பிளெயின் என்று சொன்னால் அந்தப் பிக்மென்ட் கருப்பு கிளாஸி பூச்சுக்குள் இறங்காமல் மேலேயே நின்று, விரல் பட்டால் இழுபடும். கிளாஸி என்று சொன்னால் மற்ற மூன்று நிறங்களையும் கலந்தே பிரிண்டர் கருப்பை உண்டாக்கிக்கொள்ளும். பிராண்டு பெயர் இல்லாத 180 ஜிஎஸ்எம் தாளுக்கு என்ன தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், சோதனைப் படத்தைக் கிளாஸி வகையில் ஒன்று, மேட் வகையில் ஒன்று அடித்துப் பார்த்து, சாம்பல் பட்டையின் கரும் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து தெரிவதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தாளை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, படத்தின் நிறவெளி. எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாப்ட்டும் முன்வைத்தது. வேறு தகவல் கிடைக்காவிட்டால் பெரும்பாலான மென்பொருளும் டிரைவரும் படம் அதில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்த படத்தை அப்படித் தவறாகப் படித்தால் நிறமெல்லாம் தணிந்து, குறிப்பாகப் பச்சையும் சிவப்பும் சோர்ந்துபோகும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க மென்பொருள்கூடத் தேவையில்லை. ஃபைல் பெயர் ஓர் அடிக்கோட்டில் தொடங்கினால் அந்தப் படம் அடோபி ஆர்ஜிபியில் எடுக்கப்பட்டது. அடிக்கோடு எழுத்துகளுக்குப் பிறகு வந்தால் எஸ்ஆர்ஜிபி. கேமராக்களுக்கான பொதுத் தரநிலையிலேயே இந்தப் பெயர் வழக்கம் இருக்கிறது. ஐபோன் 7 வந்த 2016 முதல் ஐபோன் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான நிறவெளியில் பதிவாகின்றன, அங்கேயும் இதே சிக்கல் வரலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ படத்தை எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து வேறு பெயரில் சேமித்துப் பிரிண்ட் போடுங்கள். கன்வர்ட் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அசைன் என்பதைத் தட்டினால் எண்கள் அப்படியே இருக்க நிறம்தான் மாறும்.

முகமெல்லாம் சிவந்து, மெஜந்தா ஏறி வருகிறது

நாசில் செக் முழுமையாக இருக்கிறது, தாள் வகையும் சரி, ஆனாலும் எல்லா முகமும் வெயிலில் வெந்த மாதிரி வருகிறது. போட்டோஷாப், லைட்ரூம் போன்றவற்றில் இருந்து பிரிண்ட் கொடுக்கும்போது மட்டும் இப்படி நடந்தால், நிறத் திருத்தம் இரண்டு முறை நடக்கிறது. மென்பொருள் தன் பங்குக்கு நிறத்தை இந்தத் தாளுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புகிறது. அது தெரியாமல் டிரைவர் மறுபடியும் மாற்றுகிறது.

திருத்தம் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். யார் கையில் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரிண்டரிடம் விடுவதென்றால், மென்பொருளின் பிரிண்ட் பெட்டியில் பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவரில் கலர் கரெக்‌ஷனை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். மென்பொருளிடம் விடுவதென்றால், உங்கள் பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை (அவை நிறத்தை எப்படிக் காட்டும் என்ற விவரம் உள்ள ஃபைல்) தேர்ந்தெடுத்து, டிரைவரின் திருத்தத்தை முழுதாக அணைக்க வேண்டும். எப்சனில் மோர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கலர் கரெக்‌ஷன், கஸ்டம், அட்வான்ஸ்டு என்று போய் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட். கேனனில் மெயின் பக்கத்தில் கலர், இன்டென்சிட்டி என்ற இடத்தில் மேனுவல் வைத்து, செட் பட்டனை அழுத்தி, மேட்சிங் பக்கத்தில் நன் (None) என்பது.

என் கணக்கில், அந்தத் தாளுக்கென்றே செய்த புரொஃபைல் கையில் இல்லாதவர் இரண்டாவது வழிக்குப் போகவே வேண்டாம். வேறொரு தாளின் புரொஃபைலை வைத்துக்கொண்டு துல்லியம் தேடுவதைவிட டிரைவரின் ஆட்டோமேட்டிக் எவ்வளவோ மேல்.

இன்னொரு கள்ளன் உண்டு. டிரைவரிலோ போன் ஆப்பிலோ ஃபிக்ஸ் போட்டோ, போட்டோ என்ஹான்ஸ், ஆட்டோ போட்டோ ஃபிக்ஸ் போன்ற ஏதோ ஒரு பெயரில் டிக் போட்டு ஒளிந்திருக்கும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக ஆராய்ந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றுவது அதன் வேலை. அதனால்தான் ஒரே கல்யாணத்தில் எடுத்த இரண்டு படங்களில் ஒரே மாப்பிள்ளையின் சட்டை இரண்டு நிறத்தில் வருகிறது. துல்லியம் வேண்டும் என்றால் அந்த டிக் இருக்கக்கூடாது.

கருப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ இளஞ்சிவப்போ தட்டுகிறது

தாத்தாவின் பழைய படத்தை ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டால் இது தெரியவரும். நான்கு மைகளையும் கலந்துதான் சாம்பல் உண்டாகிறது. கலவை இம்மியளவு சாய்ந்தாலும் கண் பிடித்துவிடும். டிரைவரில் கிரேஸ்கேல் என்பதை டிக் செய்து பாருங்கள், சாதா தாளில் பெரும்பாலும் கருப்பு மையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். போட்டோ தாளில் நிற மைகளும் கலப்பதால் சாயல் முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட நேரத்தில் படத்துக்கு லேசான செபியா ஏற்றிவிடுவது நல்லது. பழைய படத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும், பச்சை தட்டுவதும் மறைந்துவிடும்.

நீலம் ஊதாவாகிறது, கிளிப்பச்சை மங்குகிறது

இதற்கு முழுத் தீர்வு இல்லை. திரையின் நீலம் என்பது ஒரு நீல விளக்கு. தாளில் நீலத்தை உண்டாக்கச் சயானையும் மெஜந்தாவையும் ஒன்றின்மேல் ஒன்று தெளிக்க வேண்டும். 0, 0, 255 என்ற திரை நீலத்தை அந்தக் கலவையால் தொட முடியாது. நான்கு மை பிரிண்டர் எவ்வளவு முயன்றாலும் ஊதாப் பக்கம் சரிந்துவிடும். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சைக்கும் பளீர் ஆரஞ்சுக்கும் இதே எல்லை உண்டு. ஜரிகையின் மினுமினுப்பு மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு நிறமாகத்தான் வரும்.

நீங்களே வடிவமைக்கும் வாழ்த்து அட்டை, அழைப்பிதழ் என்றால் தொடக்கத்திலேயே வேறு நீலத்தைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பைப் பூஜ்யமாக விட்டு, பச்சையை 70க்கு ஏற்றி, நீலத்தை 170 அளவுக்கு இறக்கினால் தாளிலும் நீலமாகவே நிற்கும். புகைப்படம் என்றால் ஹியூ சேச்சுரேஷன் கருவியில் நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஹியூவை (நிறச்சாயலை) சயான் பக்கம் சிறிது நகர்த்தி, சேச்சுரேஷனை (நிறச்செறிவை) கொஞ்சம் குறையுங்கள். மொத்தப் படத்திலும் மெஜந்தாவைக் குறைத்தால் வானம் சரியாகும், ஆனால் முகம் பச்சையாகிவிடும்.

போனில் பார்த்தது ஒன்று, தாளில் வந்தது வேறு

இப்போதைய போன் திரைகள் நிறத்தைத் தூக்கிக் காட்டுவதற்கென்றே அமைத்தவை. சாம்சங் போன்ற போன்களில் ஸ்கிரீன் மோடு விவிட் என்று இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றிவிட்டு அதே படத்தைப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். போனிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் கொடுக்கும்போது தாள் வகை பிளெயின் என்றே நின்றுவிடுவதும் வழக்கம், ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். நிறம் முக்கியமான படத்தைக் கணினிக்கு அனுப்பி அங்கிருந்து போடுங்கள். போன் வழியில் நிறத்தைக் கட்டுப்படுத்தும் வசதி அனேகமாக இருக்காது.

பகலில் சரி, ராத்திரி டியூப்லைட்டில் வேறு நிறம்

பிரிண்டரில் கோளாறு இல்லை. மையின் நிறம் விழும் ஒளியைப் பொறுத்தது. மலிவான எல்இடி விளக்குகளில் சிவப்பு அலைகள் குறைவாக இருப்பதால் முகம் வெளிறித் தெரியும். அச்சுத் தொழிலில் பிரிண்ட்டைச் சரிபார்ப்பதற்கென்றே 5000கே ஒளியை ஐஎஸ்ஓ 3664 தரநிலை வகுத்துவைத்திருக்கிறது. வீட்டில் அதற்கு நெருங்கியது, நேர் வெயில் படாத பகல் ஜன்னல். ஆனால் அந்தப் படம் கடைசியில் ஹாலில் மஞ்சள் விளக்குக்குக் கீழே மாட்டப்போவது என்றால், அந்த விளக்கில் பார்த்து முடிவு செய்வதில் தப்பே இல்லை.

மை மாற்றிய பிறகு நிறம் மாறிவிட்டது

டிரைவருக்குள் இருக்கும் நிறக் கணக்கு அந்தக் கம்பெனியின் மைக்குப் போட்டது. விலை குறைந்த வேறு மை ஊற்றினால் பிரிண்டர் ஓடும்; மெஜந்தா சற்று அடர்த்தியாகவோ கருப்பு பழுப்பாகவோ வரலாம். அந்த மை உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய மை டேங்கிலும் குழாயிலும் தீர்ந்து, புது மை மட்டும் வரும்வரை நிறத்தைத் திருத்தாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்திருக்கும்போது செய்த திருத்தம் மாதக் கடைசியில் பொய்யாகிவிடும். பிராண்டை அடிக்கடி மாற்றாதீர்கள். ஒரு டேங்கில் வேறு நிறத்தை ஊற்றிவிட்டால் ஒரு பக்கம்கூடப் பிரிண்ட் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். மை குழாய்க்குள் இறங்காதவரை சுத்தம் செய்வது சுலபம்.

இத்தனைக்கும் பிறகும் சாய்வு இருந்தால் ஸ்லைடர்

சோதனைப் படத்தின் நடுச் சாம்பல் கட்டத்தை, அதாவது மூன்று மதிப்பும் 127 என்று இருப்பதைப் பாருங்கள். இளஞ்சிவப்பு தட்டினால் மெஜந்தாவைக் குறையுங்கள். பச்சை தட்டினால் மெஜந்தாவைக் கூட்டுங்கள். மஞ்சள் தட்டினால் மஞ்சளைக் குறையுங்கள். நீலம் தட்டினால் மஞ்சளைக் கூட்டுங்கள். ஆரஞ்சு கலந்த சிவப்பு என்றால் சயானைக் கூட்டலாம். ஒரு நேரத்தில் ஐந்து அலகுக்குமேல் நகர்த்த வேண்டாம். பத்துப் பதினைந்து அலகு நகர்த்தியும் சரியாகவில்லை என்றால் கோளாறு ஸ்லைடரில் இல்லை, மேலே விட்டுவந்த ஏதோ ஒரு படியில் இருக்கிறது.

கேனன் டிரைவரில் இதற்கு அருமையான வசதி ஒன்று இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். மேனுவல் கலர் அட்ஜஸ்ட்மென்ட் பெட்டியில் பேட்டர்ன் பிரிண்ட் என்பதை டிக் செய்தால், உங்கள் படத்தையே சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றிலும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே தாளில் அடித்து, பக்கத்தில் எண்களையும் போட்டுத் தரும். பிடித்த கட்டத்தின் எண்ணை அப்படியே சயான், மெஜந்தா, மஞ்சள் பெட்டிகளில் போட வேண்டியதுதான். வேறு பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கையால் செய்யலாம். ஒரு ஏ4 போட்டோ தாளில் ஒன்பது சின்னப் பிரதிகளை மூன்றுக்கு மூன்றாக அடுக்குங்கள்; நடுவில் மாற்றாத படம்; சுற்றிலும் கலர் பேலன்ஸில் சிவப்பு, பச்சை, நீலம், சயான், மெஜந்தா, மஞ்சள் பக்கம் ஐந்து ஐந்தாக நகர்த்திய ஆறு; மிச்ச இரண்டில் வெளிச்சம் கூட்டியது ஒன்று, குறைத்தது ஒன்று. ஒரே தாளில் ஒன்பது விடைகள் கிடைக்கும், ஒன்பது தாள் வீணாகாது. எந்தக் கட்டத்தில் சாம்பல் சாம்பலாக நிற்கிறதோ, அந்தக் கட்டத்துக்குச் செய்த மாற்றத்தையே பிரிண்ட் போடும் படங்களுக்கும் செய்யுங்கள்.

கிடைத்த செட்டிங்கை டிரைவரிலேயே சேமித்துவிடுங்கள். எப்சனில் பிரீசெட்ஸ் என்றும் கேனனில் காமன்லி யூஸ்டு செட்டிங்ஸ் என்றும் இருக்கும். பெயர் வைக்கும்போது எந்தத் தாள், எந்த மை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிளாஸிக்குச் சரிசெய்த எண்கள் மேட்டுக்குப் பொருந்தாது. டிரைவரை அப்டேட் செய்தாலோ பிரிண்டரை வேறு கணினியில் இணைத்தாலோ இந்தப் பிரீசெட் கிடைக்காமல் போகலாம். அதனால் அந்தப் பெட்டியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சோதனைப் படம் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.